கேமரா முன் உடையும் ஓடுகள்

தென்காசி, குத்துக்கல்வலசை, இலஞ்சி, மேலகரம் வட்டாரத்துக் கராத்தே மாஸ்டர்களுக்கும், சிலம்ப ஆசான்களுக்கும், அவர்களிடம் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

தற்காப்புக் கலைப் பள்ளிகளின் சாகசக் காட்சி பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடந்தாலும் கோயில் கொடையில் நடந்தாலும் அதில் வரும் உருப்படிகள் ஏறக்குறைய ஒன்றுதான். தீ வைத்த ஓட்டை முழங்கையால் உடைப்பது, ஆணிப் பலகையில் படுத்தவரின் நெஞ்சில் கருங்கல்லை வைத்துச் சம்மட்டியால் பிளப்பது, வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றுவது, தொண்டைக்குழியில் கம்பியை வைத்து வளைப்பது, முதுகில் டியூப்லைட்டை அடித்து நொறுக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மாணவன் வயிற்றிலுள்ள வெள்ளரிக்காயை வாளால் வெட்டுவது. கராத்தே பள்ளி, சிலம்பப் பள்ளி என்ற வேறுபாடும் இதில் இப்போது மறைந்துவிட்டது. கம்பு சுற்றி முடிந்ததும் ஓட்டு அடுக்கு மேடைக்கு வருகிறது.

இந்தப் பட்டியல் நிலைபெற்றதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. மாவட்டச் செய்தியாளருக்கு ஒரு செய்திக்கு வேண்டியவை இரண்டு: விஷுவல் (காட்சி), பைட் (கேமரா முன் ஒருவர் சொல்லும் சில வரிகள்). ஒளிபரப்பாகும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். சிலம்பத்தில் காலடி சரியாக விழ ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகிறது. அந்தக் காலடியைப் படம்பிடித்தால் விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது முன்னும் பின்னும் நகர்வதாகத்தான் தெரியும். நன்றாகச் செய்யப்பட்ட கராத்தே கட்டாவும் (தனியே செய்யும் அசைவு வரிசை) அப்படியே, யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் குத்துகிறார் என்றுதான் படும். உடைந்து சிதறும் ஓட்டுக்கு விளக்கம் தேவையில்லை. சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கும் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியிலும் அது புரியும். ஆகவே ஆசான் எதைக் கற்றுத்தருகிறாரோ அது செய்தியில் வருவதில்லை. அவர் கற்றுத்தராத, விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒத்திகை பார்த்த ஒன்று வருகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை மற்றெல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் ஷிஹான் ஹுசைனி. மதுரையைச் சேர்ந்த கராத்தே ஆசிரியர். கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் திரைக்கு வந்தார். 2001-இல் வெளியான ‘பத்ரி’யில் விஜய்க்குப் பயிற்சி தருபவராக நடித்தது அவரைப் பரவலாக அறியவைத்தது. விஜய் தொலைக்காட்சியில் ‘அதிரடி சமையல்’ என்ற நிகழ்ச்சியையும் நடத்தினார். சமையலிலும் அதிரடி வேண்டும் என்று நினைத்தவர் என்பதிலேயே ஆளின் போக்கு தெரிகிறது. வலக்கையின் மீது 101 கார்களை ஓடவிட்டார் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சாகசம். ஜெயலலிதாவின் தீவிர அபிமானியாக, தன் ரத்தத்தைக் கொண்டு அவருடைய உருவப்படங்களை வரைந்தார். 2013-இல் உறையவைத்த ரத்தத்தில் அவருடைய தலைச் சிலை ஒன்றைச் செய்துகாட்டினார்.

இவற்றின் உச்சம் 2015 பிப்ரவரியில் வந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 27 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு ஜெயலலிதா முதல்வர் பதவியை இழந்திருந்தார். ஓ. பன்னீர்செல்வம் முதல்வராக இருந்தார். ஜெயலலிதாவின் 67-வது பிறந்தநாளையொட்டி, அவர் மீண்டும் முதல்வராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஹுசைனி சென்னையில் ஒரு மரச் சிலுவையில் கைகளிலும் கால்களிலும் ஆணி அறையப்பட்டு ஏறத்தாழ ஆறு நிமிடம் தொங்கினார். கேமராக்கள் அதற்கென்றே வரவழைக்கப்பட்டிருந்தன. புதிய தலைமுறை 2011-இலும் தந்தி டிவி 2012-இலும் தொடங்கியிருந்ததால், தமிழில் இருபத்துநான்கு மணி நேரச் செய்திக்கான போட்டி அப்போது சூடாக இருந்தது. காட்சி அன்று முழுவதும் ஓடியது. பிபிசி உள்ளிட்ட அயல்நாட்டு ஊடகங்களும் எடுத்துப் போட்டன. அந்த ஆண்டு மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானதற்குக் காரணம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. ஆனால் சிலுவைக்கும் பதவிக்கும் முடிச்சுப் போட்டுப் பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

ஹுசைனிக்கு இன்னொரு முகம் உண்டு. தமிழ்நாட்டில் நவீன வில்வித்தையைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அதற்கென ஒரு சங்கத்தை உருவாக்கி, பல ஆண்டுகள் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். வில்வித்தைக்குத் திறந்த மைதானமும் விலை கூடிய கருவிகளும் வேண்டும், புள்ளிக் கணக்கும் உண்டு. பொறுமையாக வளரும் விளையாட்டு அது. 2025 மார்ச் 25 அன்று ரத்தப் புற்றுநோயால் அவர் இறந்தபோது அந்த விளையாட்டில் அவர் செய்ததை அறிந்திருந்தவர்கள் அவருடைய மாணவர்களும் அந்தத் துறைக்காரர்களுமே. மற்றவர்களுக்கு அவர் சிலுவையில் தொங்கிய கராத்தேக்காரர். ஆணி ஆறு நிமிடத்தில் செய்ததை வில் பல ஆண்டுகளில் செய்ய முடியவில்லை. இதைத் தொலைக்காட்சியின் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எந்தக் காட்சிக்குக் கேமராவை அழைப்பது என்று முடிவு செய்தவர் அவரேதான்.

ஆனால் அவருடைய சாகசங்களில் ஒரு நேர்மை இருந்தது. கார் ஏறிய கையும், ஆணி இறங்கிய பாதமும் அவருடையவை. வயது வந்த ஒருவர் தன் உடம்பைப் பணயம் வைத்தார். அவரைப் பார்த்துக் கிளம்பிய சிறு பள்ளிகளில் இந்த இடம்தான் மாறிப்போனது. அங்கே படுத்திருப்பவன் மாணவன். வண்டியை ஓட்டுபவரும், சம்மட்டியை இறக்குபவரும், வாளை வீசுபவரும் மாஸ்டர். பைட்டில் பேசுபவரும் அவரே. ஒரு சாகசத்தை எடைபோட முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: அடி தவறினால் அது யார் உடம்பில் விழும்?

பள்ளிக்கு ஆள் சேர்க்கச் சாகசம் செய்வது தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பு இல்லை. கியோகுஷின் கராத்தேயை நிறுவிய மசுதாட்சு ஓயாமா 1950-களில் காளைகளோடு வெறுங்கையால் மோதினார். அதைப் படமும் பிடித்தார்கள். 1952-இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து பலகைகளையும் கற்களையும் உடைத்துக்காட்டினார். அவர் பெயர் பரவியதற்குக் காளையே காரணம். பள்ளி நிலைத்ததற்கு வேறு காரணம் உண்டு. உடைக்கும் பழக்கத்தை ஓயாமாவின் அமைப்பு போட்டி விதிக்குள் கொண்டுவந்தது. இரு வீரர்கள் சமநிலையில் இருந்தால், ஒரே அளவுப் பலகைகளில் யார் அதிகம் உடைத்தார் என்பதைக் கொண்டு முடிவு சொல்லும் முறை அங்கே வந்தது. உடைப்பவர் போட்டியாளரே, உடைவது மரம். சீனத்து ஷாவொலின் மடத்தின் கதை வேறு. 1982-இல் ஜெட் லீ நடித்த ‘ஷாவொலின் டெம்பிள்’ படம் வெளியான பிறகு அந்த மடத்தைச் சுற்றிப் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. தொண்டையில் ஈட்டியை வைத்து வளைக்கும் காட்சி உலக மேடைகளில் ஏறியது. குத்துக்கல்வலசையில் ஒரு மாணவன் தொண்டையில் கம்பியை வைத்து நிற்கிறான் என்றால் அந்தக் காட்சியின் வம்சாவளி இங்கேதான் போய்ச் சேரும்.

சாகசங்கள் ஒவ்வொன்றும் எப்படி நடக்கின்றன என்பதில் ரகசியம் ஏதுமில்லை. பெரும்பாலானவை பள்ளி இயற்பியலுக்குள் அடங்கும். கராத்தே அடியைப் பற்றி நன்கு அறியப்பட்ட ஆய்வு 1979-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் ரொனால்டு மெக்நேர். கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்ற இயற்பியலாளர். பின்னர் விண்வெளி வீரராகி 1986-இல் சேலஞ்சர் விபத்தில் இறந்தார். தேர்ந்த ஒருவரின் கை விநாடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் இறங்குவதையும், அந்த அடியின் விசை 3,000 நியூட்டனைத் தாண்டுவதையும் அந்த ஆய்வு அளந்து சொன்னது. ஏறக்குறைய 300 கிலோ எடை ஒரு கணம் அழுத்துவதற்கு அது சமம். சரியாக வைக்கப்பட்ட கையெலும்பு காங்கிரீட்டைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும் என்பதும் அதில் உண்டு. ஓட்டை உடைப்பதில் உண்மையான திறமை இருக்கிறது. வேகமும், குறியும், தயங்காத மனமும் வேண்டும்.

எண்ணிக்கையில்தான் வேலை நடக்கிறது. பத்து ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி அடுக்கினால் அடிப்பவர் பத்தின் பலத்தையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் இடையில் ஒரு மரத்துண்டோ பென்சிலோ வைத்து இடைவெளி விட்டால் கதை மாறுகிறது. மேல் ஓடு தனியாக உடைந்து, அதன் துண்டுகளும் கையும் சேர்ந்து அடுத்ததைத் தாக்குகின்றன. மேடையில் வரும் அடுக்குகள் பெரும்பாலும் இடைவெளி விட்டவையே. ஓட்டின் இரு ஓரங்களை மட்டும் செங்கல்லில் தாங்கவைத்து நடுவில் அடிப்பதும் இதே தந்திரம்தான். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து வரும் சீமை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருப்பதும் உண்டு. தீ வைப்பது காட்சிக்காக மட்டுமே. ஓடு அதனால் இளகுவதுமில்லை, கெட்டிப்படுவதுமில்லை. ஆபத்து சீருடையில் இருக்கிறது. பாலியஸ்டர் கலந்த துணி தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். மண்ணெண்ணெய் கிடைக்காமல் பெட்ரோல் ஊற்றினால் ஆவியே பற்றிக்கொள்ளும்.

கம்பி வளைப்பு இன்னும் சுவையான கணக்கு. நீளமான மெல்லிய கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட எடையில் அது திடீரென்று வளைந்துகொடுக்கும். அந்த எடைக்கான சூத்திரத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் எழுதிவிட்டார். வீடு கட்டுவோர் ரிங் அடிக்க வாங்கும் 6 மில்லிமீட்டர் கம்பியை இரண்டு மீட்டர் நீளத்துக்கு வெட்டி எடுத்தால், அது வளையத் தேவையான அழுத்தம் சுமார் 3 கிலோ எடைதான். கழுத்தெலும்புகள் கூடும் குழியின் ஓரத்தில், துணி மடித்து வைத்து, எலும்பின் மீது முனையை ஊன்றினால் அதைத் தாங்குவது பெரிய காரியமில்லை. ஒரு முறை வளையத் தொடங்கிவிட்டால் பிறகு எளிது. ஆனால் நீளத்தைப் பாதியாக்கினால் தேவையான எடை நான்கு மடங்காகிறது. தடிமனை இரட்டித்தால் பதினாறு மடங்கு. ‘கனமான கம்பி இருந்தால் டிவியில் எடுப்பாகத் தெரியும்’ என்று யாரோ சொல்ல, 12 மில்லிமீட்டர் கம்பியை ஒரு மீட்டருக்கு வெட்டிக் கொடுத்தால், அதை வளைக்க 200 கிலோவுக்கு மேல் வேண்டும். கம்பி வளையாது, முனை தொண்டைக்குள் போகும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கம்பிக் கடைக்காரர் ஒரு பார்வையில் சொல்வார். மேடையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது.

ஆணிப் பலகையில் ஆணி கூடக்கூட வலி குறையும். 60 கிலோ எடையுள்ளவர் ஆயிரம் ஆணிகள் மீது சமமாகப் படுத்தால் ஓர் ஆணிக்கு 60 கிராம்தான் வருகிறது. ஆபத்தான நேரம் உட்காரும்போதும் எழும்போதும் வருகிறது. அப்போது உடம்பின் எடை முழுவதும் ஒரு கைப்பிடி ஆணிகளின் மேல் விழும். நெஞ்சில் வைக்கும் கல்லைப் பொறுத்தவரை உள்ளுணர்வுக்கு எதிரான ஓர் உண்மை உண்டு: கல் எவ்வளவு கனமோ அவ்வளவு பாதுகாப்பு. கனமான கல் சம்மட்டி அடிக்கு மெதுவாகத்தான் அசையும், உடைவதிலேயே அடியின் ஆற்றலில் பெரும்பகுதி செலவாகிவிடும். பையன் சின்னவன் என்று இரக்கப்பட்டு மெல்லிய கல்லை வைக்கும் மாஸ்டர் அவனுக்குத் தீங்கே செய்கிறார்.

வண்டி ஏற்றுவதில் எண்கள் பயமுறுத்தும், உண்மை கொஞ்சம் சாது. 800 கிலோ எடையுள்ள சிறிய காரின் ஒரு சக்கரத்தில் வருவது சுமார் 200 கிலோ. டயரின் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ என்றால், தரையோடு அது தொடும் இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ சொச்சம்தான் அழுத்தும். ரப்பர் கையின் மேல் பிதுங்கி, சுமையின் ஒரு பங்கைத் தரையும் வாங்கிக்கொள்ளும். சமதரையில் விரித்த கையின் மீது சக்கரம் உருண்டு போய்விட்டால் எலும்பு தாங்குவதற்கு இடமுண்டு. விரலில் மோதிரமோ கீழே ஒரு பொடிக்கல்லோ இருந்தால், அல்லது ஓட்டுநர் கையின் மேல் பிரேக் பிடித்தாலோ ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ, இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மோட்டார் சைக்கிள் விஷயத்தில் ஆள் படுத்திருக்கிறார், இரு பக்கமும் சாய்வுப் பலகை இருக்கிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்றால் ஒரு நேரத்தில் மேலே இருப்பது ஒரு சக்கரம். இறுக்கிப் பிடித்த வயிற்றுத் தசை அதை ஒரு நொடிக்குத் தாங்கும். வண்டி நடுவில் ஆஃப் ஆனால் அது ஒரு நொடியாக இருக்காது. சக்கரம் விலா ஓரத்துக்கு வழுக்கினால் கீழே இருப்பவை கல்லீரலும் மண்ணீரலும். ‘ஐம்பது பைக்குகள்’ என்று எண்ணிக்கையை ஏற்றும்போது முதல் பைக்குக்கு இறுகிய தசை ஐம்பதாவதற்குத் தளர்ந்திருக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டியூப்லைட் உடைப்புக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அதில் திறமையும் இல்லை, இயற்பியல் உதவியும் இல்லை. மெல்லிய கண்ணாடி யார் முதுகிலும் உடையும். குழாய்க்குள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்த உடன் அது ஆவியாகக் கலக்கும். உள்பூச்சுப் பொடி காயத்தில் படியும், சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். எல்இடி வந்த பிறகு பழைய குழாய்கள் இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பதால் இந்த உருப்படி இன்னும் சாகாமல் இருக்கிறது. இதை நிறுத்த ஒரு பள்ளிக்கு ஒரு நாள் போதும்.

கண்ணைக் கட்டி வெட்டுவதில் பயிற்சி உண்டு. தூரத்தை உடம்பால் நினைவில் வைத்து, வீச்சைக் குறிப்பிட்ட உயரத்தில் நிறுத்தும் பயிற்சி அது. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் இடையில் கீழ்நோக்கிக் கொஞ்சம் தெரிவதும் வழக்கமே. பஞ்சாபின் பீர் கால்சா குழு, படுத்திருப்பவரைச் சுற்றி வைத்த தேங்காய்களைக் கண்கட்டிய நிலையில் சம்மட்டியால் உடைக்கும் காட்சியை 2019-இல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ மேடை வரை கொண்டுபோனது. நடுவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கும் அந்த வகைக் காட்சி யூடியூபில் ஓடும்போது, குழுவின் வளர்ந்த ஆட்கள் அதற்கு எத்தனை ஆண்டு உழைத்திருப்பார்கள் என்பது கூடவே ஓடுவதில்லை. பார்க்கும் மாஸ்டருக்குக் கிடைப்பது காட்சி, பயிற்சி முறை அல்ல. இந்த உருப்படியில் படுத்திருப்பவருக்குச் செய்ய எதுவுமே இல்லை, அசையாமல் இருப்பதைத் தவிர. புகழ் முழுவதும் நிற்பவருக்கு, ஆபத்து முழுவதும் படுத்திருப்பவருக்கு.

ஒத்திகையில் நூறு முறை சரியாக வந்தது என்பது இவற்றில் ஆதாரமாகாது. மாயவித்தைக்காரர் ஹூடினி வயிற்றில் குத்தைத் தாங்குவதற்குப் பேர்பெற்றவர். 1926 அக்டோபரில் மான்ட்ரியலில் ஒரு மாணவர் அவர் தயாராகும் முன்பே அடுத்தடுத்துக் குத்தினார். சில நாள்களில், அக்டோபர் 31 அன்று, குடல்வால் வெடித்து ஏற்பட்ட தொற்றால் ஹூடினி இறந்தார். குத்துதான் காரணமா என்று மருத்துவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் தசையை இறுக்காத நேரத்தில் விழுந்த அடி வேறு என்பதில் வாதம் இல்லை.

தமிழ்நாட்டில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 2018 ஜூலை 12 அன்று கோவை மாவட்டம் நரசீபுரம் அருகே ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மீட்பு ஒத்திகை நடந்தது. தற்காப்புப் பள்ளி நடத்தியது அல்ல என்றாலும் இங்கே அது பொருந்தும். கீழே மாணவர்கள் வலையை விரித்துப் பிடித்திருக்க, இரண்டாம் மாடி விளிம்பில் உட்கார்ந்திருந்த 19 வயது மாணவி குதிக்கத் தயங்கினார். பயிற்சியாளர் அவரைத் தள்ளினார். முதல் மாடிச் சன்ஷேடில் தலை மோதி அந்த மாணவி இறந்தார். கைப்பேசியில் எடுத்த காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் அந்த ஒத்திகைக்கும் தொடர்பில்லை என்று ஆணையம் அறிவித்தது. அந்தக் காட்சியில் பதியவேண்டியது தயக்கம். உடம்பு வேண்டாம் என்று சொன்னது, கற்றுத்தருபவர் அதைக் கேட்கவில்லை. ‘மாஸ்டர் சொன்னால் செய்யணும்’ என்பது தற்காப்புப் பள்ளிகளில் முதல் நாளே சொல்லித்தரப்படும் ஒழுக்கம். பயிற்சியில் அது நல்ல ஒழுக்கம்தான். சாகசத்தில் அதே ஒழுக்கம் மாணவனிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பைப் பறிக்கிறது.

பிள்ளைகளின் உடம்பு சின்ன அளவில் செய்த பெரியவர் உடம்பு அல்ல. விரல், மணிக்கட்டு எலும்புகளின் முனைகளில் வளர்தட்டு என்ற மென்மையான பகுதி பதின்வயதின் பிற்பகுதி வரை மூடாமல் இருக்கும். அங்கே அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். முட்டியைக் கெட்டிப்படுத்துகிறேன் என்று பத்து வயதுக்காரனைச் சுவரில் குத்தவைப்பதும், ஓட்டை உடைக்கவைப்பதும் இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கப்பட வேண்டியவை.

சட்டமும் இங்கே கோடு கிழித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமில்லாமல், அவை விளையக்கூடும் என்று அறியாமல் செய்யும் செயல்களுக்கு, காயம்படுபவரின் சம்மதத்தின் பேரில் விலக்கு அளிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுதான் இது. அதில் தரப்பட்ட உதாரணம் பொழுதுபோக்காக வாள்வீச்சு பழகும் இருவர். அந்தச் சம்மதத்தைத் தருபவர் 18 வயது நிறைந்தவராக இருக்கவேண்டும். சாகசத்தில் படுக்கும் பதினாறு வயதுப் பையன் தானே விரும்பி வந்தான் என்பதோ, பெற்றோர் தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதோ இந்த விலக்கைத் தராது. பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஊறு வரும்படி அசட்டையாக நடந்து கொடுங்காயம் ஏற்பட்டால் 125-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை, மரணம் ஏற்பட்டால் 106-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தன் பொறுப்பிலுள்ள சிறாரைத் தேவையற்ற உடல் துன்பத்துக்கு ஆளாக்குவதை 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

‘உலக சாதனை’ சான்றிதழ் இந்தச் சாகசங்களுக்கு இப்போது ஒரு மரியாதையைக் கொடுத்துவருகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பதக்கமும் சட்டமிட்ட சான்றிதழும் தரும் தனியார் பதிவேடுகள் பல. சாதனையும் அவர்களே உருவாக்கும் புதிய தலைப்பில் இருக்கும், அதில் முன்பு போட்டியிட்டவர் யாரும் இல்லாததால் முதல் முயற்சியே சாதனையாகிவிடும். கின்னஸ் அமைப்பின் முறை வேறு. சாதனை அளக்கத்தக்கதாக, மற்றவர் முறியடிக்கத்தக்கதாக, ஒரே ஓர் அளவையை மட்டும் சார்ந்ததாக இருக்கவேண்டும். சாதாரண விண்ணப்பத்துக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். சிறுவர்களுக்குப் பொருந்தாத ஆபத்தான வகைகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களை அது ஏற்பதில்லை. ஒரு நிமிடத்தில் இத்தனை அக்ரூட் கொட்டை உடைத்தேன் என்பது போன்ற கின்னஸ் சாதனைகளை அடுக்கி வைத்திருக்கும் நெல்லூர்த் தற்காப்புக் கலைஞர் பிரபாகர் ரெட்டி தன் கையால்தான் உடைக்கிறார்.

கேமரா வர வேண்டுமானால் யாராவது படுத்தாக வேண்டும் என்பதில்லை. கேரளத்தின் வடகரையிலுள்ள களரி ஆசான் மீனாட்சி அம்மா அதற்குச் சான்று. அவருடைய கணவர் ராகவன் குருக்கள் 1949-இல் தொடங்கிய கடத்தநாடன் களரி சங்கத்தில், எழுபது வயதைத் தாண்டிய அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன்னைவிடப் பல பத்தாண்டு இளையவரோடு ஆயுதம் ஏந்தி மோதிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தக் களரியில் கட்டணம் என்று வைப்பதில்லை, குருதட்சிணை மட்டுமே. கவனத்தை இழுத்தது ஒரு பாட்டி ஆயுதம் பிடித்திருப்பது. கவனத்தை நிறுத்திவைத்தது அவருடைய காலடி. அங்கே இருவருமே நிற்கிறார்கள், இருவர் கையிலும் ஆயுதம் இருக்கிறது, இருவருக்கும் தப்பிக்கத் தெரியும்.

சிலம்பத்தில் அதற்கு நிகரானது தொடுமுறைப் போட்டி. கம்பு எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. அந்தக் காலத்தில் கம்பு நுனியில் திருநீறோ கரியோ தடவி, பட்ட இடத்தில் தடம் விழுந்ததா என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். இன்று நடுவர்களும் நேரக் கணக்கும் உண்டு. குற்றாலம் கலைவாணர் அரங்கில் சாரல் விழா நடக்கும் நாள்களில் வெளியூர்க் கேமராக்கள் தாமாகவே வந்து நிற்கின்றன. அங்கே பழைய முறைப்படி ஒரு தொடுமுறைப் போட்டி நடத்தினால், திருநீற்றுத் தடத்தை அண்மைக் காட்சியில் காட்டுவது ஒளிப்பதிவாளருக்கு ஓடு உடைவதைவிடக் கடினமான வேலையும் இல்லை, புரிந்துகொள்வது பார்வையாளருக்குச் சிரமமும் இல்லை. தடம் எங்கே விழுந்தது என்று ஆசான் விரலால் சுட்டிக்காட்டினால் பைட்டும் ஆயிற்று.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அது உண்டு. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானதால் இந்த வட்டாரப் பிள்ளைகள் மாவட்டச் சுற்றுக்குத் திருநெல்வேலிப் பிள்ளைகளோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டியதில்லை. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது. கராத்தேக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு முறை இடம் கிடைத்து பாரிசில் பறிபோனது என்றாலும், உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டிகள் தொடர்கின்றன. அவற்றில் இருப்பவை கட்டா, குமித்தே (நேருக்கு நேர் மோதல்) என்ற இரண்டே. ஓடு உடைப்பதற்கு அங்கே புள்ளி கிடையாது, வயிற்றில் வண்டி ஏற்றியதற்கான சான்றிதழை ஒதுக்கீட்டு விண்ணப்பத்தோடு இணைக்கவும் முடியாது.